கிளாரிசா கல்யாண சீடி

உலகத்தில் இருந்த வீடியோ கடைகளெல்லாம் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில், மலேசியாவின் கேமரன் மலையில் ரிங்லெட் தோமஸ் மட்டும் மூன்றாவது கடைக்கு ரிப்பன் வெட்டினார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஈப்போவில் பேரெடுத்த வீடியோ தவுக்கே முதலாளிமார்கள் கடையை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு நாசி லெமாக் சோறு விற்கப் போய்விட்டார்கள். தாப்பாவில் ஒருத்தர் மிச்சமிருந்த சீடிகளைக் கயிற்றில் கோர்த்து, குருவி விரட்ட மிளகாய்ச் செடிக்கு மேலே தொங்கவிட்டார். நம்ம தோமஸ் என்னடாவென்றால் தானா ராத்தாவில் பஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடியைப் பிடித்து, "கிளாரிசா வீடியோ சென்டர், கிளை மூன்று" என்று சிவப்பு எழுத்தில் போர்டு மாட்டினார். கிளாரிசா என்பது அவருடைய ஒரே மகள். கடைக்கு அவள் பெயர் வைத்ததில் அவருக்கு எவ்வளவு பெருமையோ, அவ்வளவு எரிச்சல் அவளுக்கு. ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக நர்ஸ் வேலை பார்க்கிற பெண்ணை நோயாளிகளெல்லாம் "வீடியோ கிளாரிசா தானே நீ?" என்று கேட்டால் அவளுக்கு எப்படி இருக்கும்!

ரகசியம் என்னவென்றால், தோமஸ் படத்தை வாடகைக்கு விடவில்லை. படத்தை யார் எடுப்பார்கள்? கையில் போனை வைத்துக்கொண்டு பொடிசுகள்கூடப் படம் பார்க்கிற காலம். தோமஸ் வாடகைக்கு விட்டது கல்யாணம்.

ஆமாம், கல்யாணம். பக்கத்து வீட்டுக் கல்யாணம், எதிர் வீட்டுக் கல்யாணம், கூப்பிட்ட கல்யாணம், கூப்பிடாத கல்யாணம். இது அவர் யோசித்துக் கண்டுபிடித்ததும் இல்லை. தேயிலை அரைக்கிற ஸ்டோரில் ஃபிட்டர் வேலையை விட்டுவிட்டு ரிங்லெட்டில் படக் கடை போட்டவர், போன் வந்த பிறகு ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அதைக்கூடச் சரியாகச் சொல்ல முடியாது. கேமரன் மலைக் குளிருக்கு ஓட்டுவதற்கு ஈயும் வரவில்லை. அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள் பதினாலாங்கட்டைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிற வேலாயி, மழையில் நனைந்த குடையை உதறிக்கொண்டு கடைக்குள் வந்தாள்.

"அண்ணே, கந்தசாமி மகன் கல்யாண சீடி உங்ககிட்ட இருக்காமே?"

இருந்தது. கந்தசாமி அதற்கு இன்னொரு காப்பி எடுத்துத் தரச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"இருக்கு. அது எதுக்கு உனக்கு? நீதான் கல்யாணத்துக்குப் போயிருப்பியே."

"கூப்பிட்டாத்தானே போறதுக்கு!" என்றாள் வேலாயி. முகம் சிவந்துவிட்டது. "மூணாவது லைன் வீடு வரைக்கும் பத்திரிகை வந்துச்சு. நாலாவது லைனுக்கு வரல. என்னத்தத்தான் ஆக்கிப் போட்டான்னு நான் பார்த்தே ஆகணும். குடுங்கலா அண்ணே, வாடகை எவ்வளவுன்னாலும் எடுத்துக்குங்க."

தோமஸின் வாய் முடியாது என்று சொல்ல வந்தது. கை எடுத்துக் கொடுத்துவிட்டது. மறுநாள் வேலாயி சீடியைத் திருப்பிக்கொண்டு வந்தபோது பின்னாலேயே நாலாவது லைன் மொத்தமும் வந்தது.

அடேங்கப்பா, அதற்கப்புறம் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. சினிமாவை அப்படி யாரும் பார்த்ததில்லை. மாப்பிள்ளையையும் பெண்ணையும் யார் பார்த்தார்கள்? முகூர்த்தத்தை ஓட்டிவிட்டு நேரே பந்திக்குப் போனார்கள். யார் முதல் வரிசையில் உட்கார்ந்தது, யார் கழுத்தில் யார் சங்கிலி, கோழியா ஆடா, மாப்பிள்ளையின் சித்தப்பன் எதற்கு உர்ரென்று இருக்கிறான் என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். பின்னால் ஓட்டினார்கள். மறுபடியும் நிறுத்தினார்கள். பையனுக்குப் பெண் பார்க்கிற தாய்மார்கள் "பின் வரிசையில பச்சைப் புடவை, அது யாரு பொண்ணு?" என்று தோமஸிடமே வந்து கேட்டார்கள். அப்படி இரண்டு சம்பந்தம் முடிந்தது. ஒரு வம்பும் வந்தது. காய்ச்சல் என்று லீவு போட்ட இருளப்பன், உருமி மேளத்துக்கு முன்னால் சட்டையைச் சுழற்றிக்கொண்டு ஆடியதைக் கங்காணி தன் வீட்டு டிவியில் ஆற அமரப் பார்த்தார்.

விஷயம் தெரிந்து கந்தசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். "எம்மவன் கல்யாணத்தைக் கூறு போட்டு விக்கிறியா தோமஸ்?" என்று கத்தினார். தோமஸ் அவருக்குக் குடிக்க ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்து, எந்தெந்த வீட்டில் பார்த்தார்கள், பந்தியைப் பற்றி என்னென்ன சொன்னார்கள் என்று எடுத்துவிட்டார். கந்தசாமிக்குக் கத்துவது மறந்துபோயிற்று. "ரசத்தைப் பத்தி என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். அப்படியே மடித்துக் கட்டின வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

அன்றைக்கே தோமஸ் ஒரு சட்டம் போட்டார். உன் வீட்டுக் கல்யாண சீடியைக் கடைக்குக் கொடு, ஊர்க் கல்யாணமெல்லாம் உனக்கு ஓசி. கொடுக்காதவன் வாடகை கட்டிப் பார்க்கட்டும். மலையே கொண்டுவந்து கொட்டியது. கல்யாணம், சடங்கு, காது குத்து, கோயில் திருவிழா, ஞானஸ்நானம், எல்லாம் வந்தது. போனில் போடலாமே என்று சொன்ன இளசுகளை வேலாயி ஒரே வார்த்தையில் அடக்கினாள். "போன்ல போட்டா ஊர் உலகம் பூரா போவும். தோமஸண்ணன் கடையில குடுத்தா நம்ம சனத்துக்குள்ளயே இருக்கும்லா."

ரிங்லெட் போதவில்லை. பதினாலாங்கட்டையில் மோகனா என்கிற பெண்ணின் லைன் வீட்டு முன்கட்டில் இரண்டாவது கிளை திறந்தார். டிவி இல்லாதவர்கள் அங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம். கீழே வந்த சீடி காய்கறி லோரியில் மேலே போகும், மேலே இருந்த சீடி கோபிஸ் முட்டைக்கோஸ் கூடைக்கு நடுவில் கீழே வரும். அப்புறம் தானா ராத்தா. அடுத்து கியா பார்மில் நாலாவது கிளைக்கு இடம்கூடப் பேசி வைத்துவிட்டார். தோமஸுக்குத் தலைகால் புரியவில்லை. வேனை நிறுத்திவிட்டு நடந்தால் ஒரு நடை, கடைக்குள் நடந்தால் ஒரு நடை என்று ஆகிவிட்டது. "கீழே பார்த்து நடங்க, சாக்கடைக் கான்ல விழுந்துடாதீங்க" என்று டோரீன் சொன்னாள். டோரீன் அவருடைய மனைவி. அவளுக்குப் புருஷனின் குணம் நல்லாத் தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் கிளாரிசாவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை மார்கஸ், தானா ராத்தாவில் பள்ளிக்கூட வாத்தியார். தங்கமான பையன். தோமஸுக்கு மாப்பிள்ளையைவிட சீடியைப் பற்றித்தான் நினைப்பு. மலை முழுக்கக் கல்யாணத்தை வாடகைக்கு விட்ட மனுஷன் வீட்டுக் கல்யாணம் எப்படி இருக்க வேண்டும்! கேமராக்காரன் ஹரிதாஸிடம் இரண்டு கேமரா, ஒரு பறக்கும் கேமரா என்று சொல்லிவைத்தார். ஆனால் மாதா கோயில் சின்னது. கோயிலுக்குப் பக்கத்து மண்டபம் அதைவிடச் சின்னது. ஊரையே கூப்பிட்டால் பாதிப் பேர் சாலையில் நின்றுதான் சாப்பிட வேண்டும்.

தோமஸ் யோசித்தார். வேனை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். "மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. இடம் பத்தாதுன்னு உங்களக் கூப்பிட முடியல. ஆனா கல்யாணத்தை உங்க வீட்டு டிவிக்கே அனுப்பி வைக்கிறேன். மத்தவங்க உக்காந்து பார்க்குறத நீங்க படுத்துக்கிட்டே பார்க்கலாம்" என்றார். எந்த ஊரில் பத்திரிகை வைக்காததற்கு வீடு தேடிப் போய்ச் சொல்வார்கள்? ஆனால் சனங்கள் ஒத்துக்கொண்டார்கள். வேலாயிகூட, "சீடி மட்டும் வரலன்னா அப்புறம் இருக்கு சேதி" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

கல்யாணம் நடந்தது. நல்லாவே நடந்தது. சீடி வரவில்லை.

தோமஸ் ஹரிதாஸைப் பிடித்தார். ஹரிதாஸ் தலையைச் சொறிந்தான். "கிளாரிசா தங்கச்சி வந்து எல்லாத்தையும் வாங்கிட்டுப் போயிருச்சுண்ணே. கம்ப்யூட்டர்ல இருந்ததையும் என் கண்ணு முன்னாலயே அழிக்கச் சொல்லிருச்சு. ஊசி போடுற மாதிரி பார்த்துச்சு, நான் என்ன பண்ணுவேன்?"

தோமஸ் மகளுக்குப் போன் போட்டார்.

"அது கடைக்கு வராதுப்பா."

"ஏம்மா?"

"வேண்டாம்பா. சொன்னாக் கேளுங்க."

அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான், வேண்டாமென்றால் வேண்டாம். தோமஸ் ஒரு வாரம் பொய் சொன்னார். எடிட்டிங் நடக்குது என்றார். பாட்டுச் சேர்க்கிறோம் என்றார். கலர் ஏத்தணும் என்றார். வேலாயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "உண்மையச் சொல்லுங்க, குடுக்கப் போறீங்களா இல்லையா?" என்று கடையில் நாலு பேர் முன்னால் கேட்டபோது அவருக்கு வேறு வழியில்லை.

"மக வேண்டாங்குது" என்றார்.

சீடி எடுக்க வந்தவர்கள் கையிலிருந்ததை ராக்கில் வைத்துவிட்டுத் திரும்பினார்கள்.

"ஓஹோ" என்றாள் வேலாயி. "எங்க வீட்டுப் பொண்ணுங்க தலைகுனிஞ்சு உக்காந்ததெல்லாம் மலை பூரா பார்க்கலாம். உங்க வீட்டுப் பொண்ணுன்னா பீரோவுல வச்சுப் பூட்டுவீங்க. அப்படித்தானே? கல்யாணத்துக்கும் கூப்பிடல, காட்டவும் மாட்டீங்க. எங்க சீடியக் குடுங்க, நாங்க போறோம்."

அவள் தன் மகள் சடங்கு சீடியை எடுத்துக்கொண்டு போனாள். அவளோடு நின்றிருந்தால் பரவாயில்லை. காளியம்மா என்று ஒருத்தி, தோட்டத்துக் கோயிலில் பூக்கட்டுகிறவள், வந்து திருவிழா சீடி அத்தனையையும் கேட்டாள். "சாமியையும் தரமாட்டேங்குறியா?" என்று கேட்டதும் தோமஸ் எடுத்துக் கொடுத்துவிட்டார். கந்தசாமி வந்தார். முதலாவதாக வாடகைக்குப் போன அந்தச் சீடியைக் கையில் வாங்கி, துண்டால் துடைத்து, தோமஸ் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். மோகனா போனில் அழுதாள். "அண்ணே, ராக்குல ஒண்ணுமே இல்ல. வர்றவங்க எல்லாம் வாடகைக்கு வரல, திருப்பி வாங்கத்தான் வர்றாங்க." தானா ராத்தா கடையில் மிஞ்சியது ஒரு நாய்க்குட்டிப் பிறந்தநாள் சீடி. அதையும் சொந்தக்காரர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

தோமஸ் சும்மா இருந்தாரா? மூளையைக் கசக்கினார். கல்யாணத்துக்கு வந்தவர்களின் போனில் இருந்ததையெல்லாம் வாங்கி ஒட்டுப்போட்டு ஒரு சீடி தயார் செய்தார். வேலாயி அதை எடுத்துக்கொண்டு போன வேகத்திலேயே திரும்பி வந்தாள்.

"இது என்ன கல்யாணமா? முழுக்க யாரோ ஒருத்தன் பின்மண்டை. அப்புறம் பிரியாணி. அப்புறம் மறுபடியும் அதே பின்மண்டை!"

"நடுவுல பொண்ணு வருதுல்ல?"

"வருது. பின்மண்டைக்குப் பின்னால வருது" என்று சீடியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

கியா பார்ம் இடத்துக்காரர் வேறொருத்தருக்கு ஸ்ட்ராபெரி விற்கக் கொடுத்துவிட்டதாகச் சொல்லியனுப்பினார். அன்றைக்குத் தோமஸ் சாப்பிடாமல் படுத்தார். அவருக்குக் கடை போவது ஒரு துக்கம். கூப்பிட்ட குரலுக்கு "என்ன வீடியோ தவுக்கே" என்று பல்லைக் காட்டிய சனங்கள், சாலையில் அவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பித் தேயிலைச் செடியைப் பார்ப்பது இன்னொரு துக்கம். அந்தச் சீடி வந்தால் எல்லாம் திரும்பி வரும். வராவிட்டால் மூன்று ஷட்டரையும் இறக்க வேண்டியதுதான்.

"எதுக்கு வேண்டாங்குதுன்னு உனக்குத் தெரியுமா?" என்று டோரீனிடம் கேட்டார்.

"தெரியும்."

"சொல்லித் தொலையேன்!"

"நான் சொன்னா உங்களுக்கு ஏறாது. அவகிட்டயே போய்ப் பாருங்க" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலையிலேயே தோமஸ் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்த குவாட்டர்ஸ் வீடு. மார்கஸ் பள்ளிக்கூடம் போயிருந்தான். கிளாரிசா மைலோ கலக்கிக் கொடுத்தாள். அப்பா குடிக்கவில்லை. கடை கதையைச் சொன்னார், கந்தசாமி துண்டால் துடைத்ததைச் சொன்னார், மோகனா அழுததைச் சொன்னார். கிளாரிசா மைலோவை அவர் பக்கம் இன்னும் நகர்த்தி வைத்தாள்.

"நீங்க அந்தச் சீடிய இன்னும் பார்க்கவே இல்லல்லப்பா?"

"எங்கம்மா பார்க்க விட்ட?"

"சரி. பாருங்க" என்று போட்டுவிட்டாள்.

தோமஸ் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். தொழில்காரர் கண்ணோடு பார்த்தார். பறக்கும் கேமராவில் தேயிலை மலை பச்சைப் பசேலென்று விரிய, கோயில் கூரை தெரிந்தது. "ஆஹா" என்றார். வாசல் திறந்தது. ஆர்கன் வாசித்தார்கள். வெள்ளை உடுப்பில் கிளாரிசா வந்தாள். பக்கத்தில் கோட்டு போட்டுக்கொண்டு அவர். அவள் கை அவர் கைக்குள் இருந்தது. நாலு பெஞ்சு தாண்டியதும் கோட்டுப் போட்ட தோமஸ் கையை உருவிக்கொண்டார். ஓரமாக ஒதுங்கி ஹரிதாஸைப் பார்த்து, கீழே வா, இன்னும் கீழே வா என்று கையை ஆட்டினார். "நீ போம்மா, போ. நான் குறுக்க நின்னா ஷாட்டு கெட்டுரும்" என்று அவர் குரல் தெளிவாகக் கேட்டது. கிளாரிசா நின்றாள். அப்புறம் தனியாக நடந்து போனாள். பீடத்துக்கு முன்னால் பெண்ணைக் கைபிடித்துக் கொடுக்க அப்பா இல்லாமல், மார்கஸே நாலு எட்டு இறங்கி வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான்.

"ஒதுங்குனது எவ்வளவு நல்லதாப் போச்சு பாரு!" என்றார் தோமஸ். "மூஞ்சி முழுசா விழுந்திருக்கு. நான் நின்னிருந்தா பாதி மறைச்சிருக்கும்."



மோதிரம் மாற்றும்போது திரையின் ஓரத்தில் ஒரு கை நீண்டது. "ஃபாதர், ஃபாதர், மோதிரம் தெரியல. இன்னொரு தடவ போடச் சொல்லுங்க" என்றது. ஃபாதர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மண்டபத்தில் கேக் வெட்டினார்கள், ஒரு முழங்கை வந்து ஊதுபத்தி மாதிரி நின்ற ஒரு மாமனை இழுத்துக்கொண்டு போனது. குடும்பப் படம் எடுத்தார்கள், டோரீன் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. "சம்பந்தி, இடது பக்கம் போங்க, இன்னும் போங்க" என்று குரல் மட்டும் கேட்டது. சீடி முழுக்க அவர் இருந்தார். முதுகாக இருந்தார், கையாக இருந்தார், குரலாக இருந்தார்.

முடிந்ததும் தோமஸ் தொடையைத் தட்டினார். "அட, பிரமாதம்! இத எதுக்கும்மா மறைச்ச?"

"அப்பா, உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

"தோணுச்சு. ரெண்டாவது கேமரா கொஞ்சம் ஆடுது. அத விடு."

கிளாரிசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷம் என்று தோமஸ் நினைத்தார். நினைக்கிறார் பாருங்கள் மனுஷன்! அவள் சீடியை எடுத்து உறையில் போட்டு அவர் கையில் வைத்தாள்.

"கொண்டு போங்க. ஆனா யார் என்ன சொன்னாலும் மனசுல வச்சுக்காதீங்கப்பா."

"யாரு என்ன சொல்லப் போறா? உன் உடுப்பப் பார்த்து வாயடைச்சுப் போவாங்க" என்று சொல்லிக்கொண்டே மைலோவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வேனுக்கு ஓடினார்.

அன்றைக்கே காப்பி போட்டு மூன்று கிளைக்கும் அனுப்பினார். மோகனா வீட்டில் முதல் காட்சி என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம், வெளியே மழை. லைன் முழுக்க முன்கட்டில் அடைந்து கிடந்தது. வாசலில் சிலிப்பர் குவிந்திருந்தது. தோமஸ் டோரீனையும் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரோரமாக நின்றார். உட்காரச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். ரிமோட் வேலாயி கையில். வழக்கமாக அவள்தான் வைத்திருப்பாள், வேறு யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

பறக்கும் கேமராவுக்கு எல்லாரும் "ஓ" என்றார்கள். தோமஸ் மீசையைத் தடவிக்கொண்டார். கதவு திறந்து, பெண் வந்து, தோமஸ் கையை உருவி, ஹரிதாஸைப் பார்த்துக் கையை ஆட்டியதும் இருளப்பன் கெக்கேபிக்கே என்று சிரித்தான். "தவுக்கே லோரியப் பின்னால எடுக்கிறாரு பாருடா!" என்றான். அவ்வளவுதான், வீடு இடிந்து விழுந்தது. "ஃபாதர், இன்னொரு தடவ" என்ற இடத்தில் காளியம்மாவுக்குப் புரையேறிவிட்டது. கந்தசாமி துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். முழங்கை வந்தபோதெல்லாம் "வந்துட்டாருடா!" என்று கூவினார்கள். தோமஸும் முதலில் சேர்ந்து சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு போனது. காது சூடானது. முகத்தில் ஈயாடவில்லை.

டோரீன் அவர் காதுப்பக்கம் சாய்ந்தாள். "இதுக்குத்தான் அவ பொத்தி வச்சா. உங்களப் பார்த்து ஊரு சிரிக்கக் கூடாதுன்னு. நீங்களே போய்ப் பிடுங்கிட்டு வந்து ஓட்டுறீங்க."

கடையில் தன் கல்யாணம் ஓடுவது மகளுக்கு வெட்கம் போல என்றுதான் தோமஸ் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

சீடி முடிந்தது. வழக்கப்படி வேலாயி பின்னால் ஓட்டினாள். முதல் தரம் சிரிப்பதற்கு, இரண்டாம் தரம்தான் பார்ப்பதற்கு. கோயில் வந்தது, கை உருவிய இடம் வந்தது. இருளப்பன் மறுபடியும் சிரிக்கத் தயாராக வாயைத் திறந்தான்.

"சும்மா இரு" என்றாள் வேலாயி. நிறுத்தினாள். கொஞ்சம் பின்னால் ஓட்டி மறுபடியும் நிறுத்தினாள்.

திரையில் கிளாரிசா பாதி வழியில் நின்றிருந்தாள். முகம் பின்பக்கம் திரும்பியிருந்தது. பூங்கொத்தைப் பிடித்த கை போக, இன்னொரு கை சும்மா பக்கவாட்டில், யாரோ பிடிக்கட்டும் என்று நீட்டிய மாதிரி இருந்தது. கோட்டுப் போட்ட தோமஸ் அவளைப் பார்க்கவில்லை. ஹரிதாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடப் பாவி மனுஷா" என்றாள் வேலாயி. கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். "புள்ள உன்னையத் தேடுது."

யாரும் சிரிக்கவில்லை. முன்கட்டில் இருந்த அத்தனை தலையும் திரையை விட்டுவிட்டுத் தோமஸ் பக்கம் திரும்பியது. மகள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது அந்த இடத்தில் அவர் என்ன பார்த்தார்? வெளிச்சம் பார்த்தார். ஷாட் பார்த்தார். பெற்ற மகள் நடுக்கோயிலில் திரும்பிப் பார்ப்பது அவர் கண்ணில் படவே இல்லை. இந்த ஊருக்கே நிறுத்திப் பார்க்கக் கற்றுக் கொடுத்தது அவர் கடை. அவருக்கு அந்தப் பழக்கம் இல்லாமல் போயிற்று. அழுகை வருகிறது என்று தெரிந்ததும் மழையோ எதுவோ என்று பார்க்காமல் வெளியே இறங்கிவிட்டார். அவசரத்தில் மாட்டிக்கொண்டு போனதில் ஒன்று இருளப்பனின் சிலிப்பர்.

"எங்கண்ணே போறீங்க?" என்று மோகனா கூப்பிட்டாள். "சீடி கேட்டு ஆளு நிக்குது. எல்லாரும் பழைய சீடியெல்லாம் திருப்பிக் குடுக்குறேங்கறாங்க!"

"குடுத்தா வாங்கி வை" என்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தானா ராத்தா போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வேனை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். கிளாரிசா பகல் வேலை முடிந்து, வெள்ளை யூனிஃபார்மும் கையில் ஒரு பை கங்கோங் கீரையுமாக வந்தாள். அப்பா தொப்பலாக நனைந்து நிற்பதைப் பார்த்ததும் பயந்துவிட்டாள்.

"அம்மாவுக்கு என்னப்பா?"

"அவளுக்கென்ன, கல்லாட்டம் இருக்கா. நீ கையக் குடு."

"எதுக்கு? வேன் அங்க இருக்கே."

"வேன் கிடக்கட்டும். நடந்து போலாம். கையக் குடும்மா."

அவள் கொடுக்கவில்லை. அவரே எடுத்துத் தன் கைக்குள் போட்டு இறுக்கிக்கொண்டார். அப்படியே சாலையில் நடந்தார். ஒரு காலில் ஒரு அளவு சிலிப்பர், இன்னொரு காலில் வேறு அளவு என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. டூரிஸ்ட்டுகளுக்குச் சோளம் வேகவைத்துக்கொண்டிருந்தவள் இடுக்கியை அப்படியே வைத்துவிட்டுப் பார்த்தாள். கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்த ஹரிதாஸுக்கு மூக்கு வியர்த்து, "அண்ணே, விளம்பரத்துக்கா? அப்படியே கொஞ்சம் மெதுவா வாங்க" என்று போனைத் தூக்கினான்.

"எடுத்தேன்னா பிச்சுப்புடுவேன், படவா!" என்று தோமஸ் போட்ட சத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் திரும்பினார்கள். ஹரிதாஸ் போனை மேசைக்கடியில் ஒளித்தான்.

"அப்பா, எல்லாரும் பார்க்குறாங்க."

"பார்க்கட்டும்."

பஸ் ஸ்டேஷனைத் தாண்டி நடந்தார்கள்.

"அன்னிக்கு ஒரு தடவ திரும்பிப் பார்த்தியேம்மா" என்றார் கடைசியில். "நான் கவனிக்கல."

கிளாரிசா நடந்துகொண்டே கீரைப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஒரு தடவதான்பா கேமராவுல விழுந்துச்சு."

தோமஸ் அழுதார். நடுச்சாலையில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார். கிளாரிசாவும் அழுதாள். அழுதுகொண்டே, "மூக்கத் துடைங்கப்பா, அசிங்கமா இருக்கு" என்று கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

குவாட்டர்ஸ் வீட்டுக் கதவை மார்கஸ் திறந்தான். கைலியும் பனியனுமாக, கையில் சம்பல் கிண்டின அகப்பையோடு நின்றான். பெண்டாட்டி அழுதிருக்கிறாள், மாமனார் நனைந்திருக்கிறார். பதறிப்போனான்.

"என்ன மாமா, என்ன ஆச்சு?"

தோமஸ் முதுகை நிமிர்த்திக்கொண்டார். மகள் கையைத் தன் கையிலிருந்து மெதுவாக எடுத்து, மருமகன் பக்கம் நீட்டினார்.

"பொண்ணக் குடுக்க வந்தேன் மாப்பிள்ளை. கொஞ்சம் லேட்டாயிருச்சு."

மார்கஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் தங்கமான பையன். அகப்பையைச் செருப்பு ராக்கு மேலே வைத்துவிட்டு, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.